மட்டக்களப்பிலிருந்து எந்தத் தொலைகாட்டிக்கு விண்ணப்பிப்பது?

தொலைகாட்டி நேரம் கேட்கும் படிவம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் அதில் ஒரு கேள்வி வந்தே தீரும்: "ஏன் இந்தத் தொலைகாட்டி?" எங்கள் பிள்ளைகள் அதைக் கடைசிக்கு விட்டுவிடுகிறார்கள். தலைப்பு, பெயர், விண்மீனின் இடம் எல்லாவற்றையும் கவனமாக நிரப்பிவிட்டு, அந்தக் கட்டத்துக்கு வரும்போது களைத்துப் போய், "இது மிகச் சிறந்த தொலைகாட்டி என்பதால்" என்று ஒரு வரி எழுதுகிறார்கள். தெரிவுக் குழுவில் இருப்பவருக்கு அந்த ஒரு வரியே போதும், அடுத்த விண்ணப்பத்தை எடுத்துவிடுவார். அந்தக் கட்டத்தை முதலில் நிரப்பிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. எந்தத் தொலைகாட்டியை வைத்து அதற்கு உண்மையான பதில் எழுத முடிகிறதோ, உங்களுக்கான தொலைகாட்டி அதுதான்.

நான் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். கல்லடியிலும் கல்முனையிலும் இருந்து வரும் பிள்ளைகளோடு, வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பழைய மாணவர்கள் சிலரும் சனிக்கிழமை பின்னேரங்களில் கூடுவார்கள். இந்த முறை அவர்கள் பிடித்துக்கொண்டது புறக்கோள், அதாவது சூரியனை அல்லாமல் வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள். எங்கே விண்ணப்பிப்பது என்று மூன்று கிழமையாகப் பேசினோம். அந்தப் பேச்சில் தெளிந்ததைத்தான் எழுதுகிறேன், இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்று.

முதலில் இலக்கைச் சொல்லிவிட வேண்டும், அது தெரியாமல் எதையும் ஒப்பிட முடியாது. வாஸ்ப்-43பி என்பது 2011இல் அறிவிக்கப்பட்ட கோள். நிறையில் வியாழனைப் போல இரண்டு மடங்கு. தன் விண்மீனை 19.5 மணித்தியாலத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அது விண்மீனுக்கும் நமக்கும் குறுக்கே வரும்போது விண்மீனின் ஒளி நூற்றுக்கு இரண்டரை குறைகிறது, நாற்பது ரூபாயில் ஒரு ரூபா குறைவது போல. 2019 டிசம்பர் 26 கிரகணம் வடக்கில் வளையமாகவும் மட்டக்களப்பில் பகுதியாகவும் தெரிந்ததே, அதே சங்கதிதான் இதுவும். தூரத்தில் நடப்பதால் நிழல் தெரியாது, ஒளி குறைவதை மட்டும் அளக்கலாம். இப்படிக் குறுக்கே வந்து போவதைத்தான் கடப்பு என்கிறோம். முழுக் கடப்பும் 70 நிமிடம். விண்மீனின் பிரகாசத் தரம் 12.4. இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கல் என்று பொருள், ஆகவே வெறுங்கண்ணுக்கு எட்டாது. மக நட்சத்திரத்துக்கு ஏறத்தாழ நேர் தெற்கே 22 பாகையில் இருக்கிறது. எங்கள் வானில் அடிவானத்திலிருந்து 72 பாகை வரை ஏறும். பெப்ரவரி கடைசியில் நள்ளிரவில் உச்சிக்கு வருவதால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம்.

படிவத்தைத் திறக்கும் முன் ஓர் இரவு வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனோம். எழுவான்கரையின் கடைத்தெரு வெளிச்சம் அங்கே இல்லை. மகத்தைக் காட்டி, அதிலிருந்து கையை நீட்டி ஒரு சாண் தெற்கே "இந்த இடத்தில் இருக்கிறது, ஆனால் தெரியாது" என்று சொன்னபோது பிள்ளைகள் சற்று நேரம் பேசாமல் நின்றார்கள். கைநீட்டிப் பிடித்த சாண் ஏறத்தாழ 20 பாகை. வல ஏற்றம் 10 மணி 19 நிமிடம், நடுவரை விலக்கம் மைனஸ் 9 பாகை 48 கலை என்று விண்மீனின் இடமாகப் படிவத்தில் எழுதும் எண்களுக்கு அன்றைக்குத்தான் அவர்கள் மனதில் ஓர் இடம் கிடைத்தது.

சரி, தெரிவுகளுக்கு வருவோம்.

"பெரிய தொலைகாட்டியையே கேட்டா என்ன, சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டான். நியாயமான கேள்வி. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டி 2022 டிசம்பரில் இதே கோளை அதன் ஒரு முழுச் சுற்றுக்கும் மேலாக இடைவிடாமல் பார்த்தது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், தடையில்லை. ஆனால் அதன் நான்காம் விண்ணப்பச் சுற்றுக்கு 2024 ஒக்டோபரில் 2,377 விண்ணப்பங்கள் போயின. கேட்கப்பட்ட நேரம், இருக்கிற நேரத்தைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு. "கேக்கலாம் மகன். ஏன் இந்தத் தொலைகாட்டி எண்டதுக்கு என்ன எழுதப் போறாய்?" என்று கேட்டேன். அவன் யோசித்தான். கடப்பு நேரத்தை அளப்பதற்கு விண்வெளித் தொலைகாட்டி தேவையில்லை என்று அவனே சொன்னான். லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீற்றர் உயரத்தில் உள்ள 2 மீற்றர் இமாலய சந்திரா தொலைகாட்டிக்கும் இதே பதில்தான். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டையில் இருந்தபடியே செயற்கைக்கோள் தொடர்பால் அதை இயக்குகிறார்கள், கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் 40 சென்ரிமீற்றர் ஆடி போதுமான வேலைக்கு அதைப் போல 25 மடங்கு ஒளி சேர்க்கும் ஆடியைக் கேட்டால், மங்கலான ஒரு சூப்பர்நோவாவுக்காகக் காத்திருப்பவரின் இரவை நாம் கேட்கிறோம் என்றுதான் குழு பார்க்கும். அப்படிப் பார்ப்பது சரியும்கூட.

நாட்டுக்குள்ளேயே இருப்பது மொறட்டுவை கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தின் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி. 1996இல் ஜப்பான் கொடையாக வந்தது. ஆடியின் அளவு நமக்கு அளவாக இருக்கிறது, நூற்றுக்கு இரண்டரை என்பது அதற்கு எட்டும். காலமும் பொருந்துகிறது: எங்கள் பக்கம் மாரி ஓயும் ஜனவரி, பெப்ரவரிதான் கொழும்புக் கரைக்கு வருடத்தில் மழை குறைந்த மாதங்கள். குறை நகர வெளிச்சம். அப்புறம் பயணம். உதயதேவி ரயிலில் ஏறினால் ஒரு முழுப் பகல் போய்விடும். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தங்கவைத்து, அன்றைக்கு முகில் மூடினால் திரும்பக் கூட்டிவர வேண்டும். ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தொலைகாட்டி ஒன்றின் குவிமாடம் திரும்பும் சத்தத்தைக் கேட்ட பிள்ளைக்கும் கேட்காத பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதனால் அவதானிப்புக்கு அதை நம்பாவிட்டாலும், நிறுவகத்துக்குக் கடிதம் எழுதி ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவதைத் திட்டத்தில் சேருங்கள்.

காவலூரை நினைத்தால் எனக்குத் தனி விருப்பம். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையில், தமிழ் பேசும் ஊருக்குள் இருக்கிற வானாய்வகம். 1986இல் திறந்த 2.34 மீற்றர் வைணு பாப்பு தொலைகாட்டி அங்கே இருக்கிறது, பிறகு வந்த 1.3 மீற்றர் ஒன்றும் இருக்கிறது. ஒளியளவு வேலைக்கு இரண்டாவதுதான் பொருத்தம். எங்களை நனைக்கும் வாடைப் பருவ மழை அங்கேயும் பெய்கிறது. ஜனவரிக்குப் பிறகு வானம் தெளிகிறது, நம் இலக்கின் காலமும் அதுவே. ஆனால் அங்கே குறித்த இரவுகளை ஒதுக்கித் தருகிறார்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடப்பு 19.5 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. ஐந்து சுற்றுக்கு 97.5 மணித்தியாலம், அதாவது நான்கு நாளும் ஒன்றரை மணியும். ஒரே இடத்தில் நின்று பார்ப்பவருக்கு, இரவின் வசதியான நேரத்தில் முழுக் கடப்பு பெரும்பாலும் நான்கு நாளைக்கு ஒன்றுதான் கிடைக்கும். மூன்று இரவு ஒதுக்கி, அந்த மூன்றிலும் ஒரு கடப்புகூட இல்லாமல் போகலாம். ஒன்று இருந்து அன்றைக்கு முகில் வந்தாலும் அவ்வளவுதான். ஆகவே காவலூருக்கு எழுதுவதென்றால் எந்த இரவு, எத்தனை மணிக்கு என்று கடப்பு அட்டவணையோடு எழுத வேண்டும், அங்கே பணிபுரியும் ஆய்வாளர் ஒருவரை இணை விண்ணப்பதாரராகச் சேர்த்துக்கொள்வதும் நல்லது. பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவருக்கு, இரண்டாவது விண்ணப்பமாக, இது அருமையான இடம். முதல் விண்ணப்பமாக வேண்டாம்.

நாங்கள் கடைசியில் பிடித்துக்கொண்டது லாஸ் கும்ப்ரெஸ் வலையமைப்பை. ஹவாய், டெக்சாஸ், சிலி, தென்னாபிரிக்கா, டெனெரிஃப், அவுஸ்திரேலியா என்று உலகைச் சுற்றி வைத்த தானியங்கித் தொலைகாட்டிகள். 2 மீற்றர், 1 மீற்றர், 0.4 மீற்றர் என மூன்று அளவு. அவர்களுடைய குளோபல் ஸ்கை பார்ட்னர்ஸ் திட்டம் கல்வி வேலை செய்யும் அமைப்புகளுக்கு இலவசமாக நேரம் தருகிறது. அந்த விண்ணப்பத்தில் அறிவியலோடு சேர்த்து, யாருக்கு என்ன படிப்பிக்கப் போகிறீர்கள், கிடைக்கும் நேரத்தை எப்படிப் பங்கிடுவீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ஓர் ஆசிரியருக்கு இது கை பழகின எழுத்து. வேறெந்தப் படிவத்திலும் பலவீனமாகத் தெரியும் எங்கள் நிலை, அதாவது ஆய்வுக் கட்டுரை இல்லாத ஒரு சனிக்கிழமைக் குழு என்பது, இங்கே பலமாகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய காரணம் வானம். சிலியில் ஒரு கடப்பு நள்ளிரவில் நடந்தால் அடுத்தது அங்கே மாலை ஏழரைக்கு வரும், இன்னும் சரியாக இருட்டியிருக்காது. ஆனால் அந்நேரம் தென்னாபிரிக்காவில் சூரியக் கணக்குப்படி அதிகாலை ஒன்றரை. அதுவும் தவறினால் அதற்கடுத்தது தென்னாபிரிக்காவிலேயே இரவு ஒன்பதுக்குக் கிடைக்கலாம், அதற்கும் அடுத்தது அவுஸ்திரேலியாவில். ஓரிடத்தில் நான்கு நாள் காத்திருக்கிற வேலை வலையமைப்பில் நாளுக்கு ஒரு வாய்ப்பாகிறது. கோரிக்கையை வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கலாம், படங்கள் காலையில் அவர்களுடைய இணையக் களஞ்சியத்தில் இருக்கும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. நேரலையில் உட்கார்ந்து இயக்க வேண்டிய எந்தத் தொலைகாட்டியும் அந்த நாட்களில் எங்களுக்கு உதவியிருக்காது.

இனி நேரக் கணக்கு. படிவத்தில் பிள்ளைகள் அதிகம் பிழைவிடும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். கடப்பு 70 நிமிடம். ஒளி குறைகிறது என்று காட்ட, குறையாத நேரத்தையும் காட்ட வேண்டும்: முன்னால் ஒரு மணி, பின்னால் ஒரு மணி. மொத்தம் 190 நிமிடம். ஒரு படத்துக்கு 45 விநாடி ஒளி சேர்த்து, அதைக் கமரா படித்தெடுக்க 15 விநாடி ஆகும் என்று வையுங்கள். நிமிடத்துக்கு ஒரு படம், 190 படம். இப்போது ஒரு பிள்ளை 190ஐ 45 விநாடியால் பெருக்கி 2 மணி 22 நிமிடம் என்று கேட்டுவிட்டால்? படித்தெடுக்கும் நேரம் போய்விட்டது. 48 நிமிடம் குறைந்துவிட்டது. அந்த 48 நிமிடமும் கடைசியில்தான் வெட்டுப்படும். கடப்பு முடிந்து ஒளி பழைய நிலைக்குத் திரும்பிச் சமதரையாக ஓடும் பகுதி பெரும்பாலும் கிடைக்காது, அது இல்லாமல் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியாது. இரண்டு கடப்புக் கேளுங்கள், 6 மணி 20 நிமிடம். ஒன்று முகிலுக்குப் போனாலும் மற்றது மிஞ்சும். எட்டு மணி என்று வட்டமாக்கிக் கேட்க வேண்டாம். 6 மணி 20 நிமிடம் என்று பார்க்கும் நடுவருக்கு, யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது தெரியும்.

அடுத்தது திகதி. படிவங்கள் கேட்பது உலக நேரம், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி பின்னால். மட்டக்களப்பில் 5ஆம் திகதி அதிகாலை 2 மணி என்பது அங்கே 4ஆம் திகதி 20:30. போன வருடம் நாங்கள் ஒரு தானியங்கித் தொலைகாட்டிக்குக் கோரிக்கை போட்டபோது மணியை மாற்றினோம், திகதியை மாற்றவில்லை. மூன்று மணித்தியாலப் படங்கள் வந்தன. பிள்ளைகள் அவற்றை ஒவ்வொன்றாக அளந்து, வரைபில் புள்ளி வைத்து, பள்ளத்துக்காகக் காத்திருந்தார்கள். வரைபு கோடு போட்டது போல நேராகவே ஓடியது. 24 மணித்தியாலம் பிந்திப் பார்த்திருக்கிறோம். அந்த வரைபை இன்னும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். இப்போது எங்கள் குழுவில் ஒருவர் நிரப்பும் திகதியை இன்னொருவர் தனித்தாளில் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே அனுப்புகிறோம்.

நிலவையும் பார்க்க வேண்டும். மாசி மகத்தில் கோயில் தீர்த்தத்துக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும், அன்றைக்கு முழுநிலா மகத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நம் விண்மீன் அதற்குத் தெற்கே சுமார் இருபது பாகைதான். வருடத்தில் இலக்கு மிக நன்றாகத் தெரியும் காலத்தில், நிலவும் முழு வெளிச்சத்தோடு அதன் அருகே வந்துவிடுகிறது. நிலவிலிருந்து 30 பாகையாவது விலகியிருக்க வேண்டும் என்று படிவத்தில் போட்டால் மாசி மகத்தை ஒட்டிய மூன்று நான்கு நாள் கழியும், மற்ற நாளெல்லாம் பயன்படும். இருட்டு இரவுதான் வேண்டும் என்று கேட்காதீர்கள். 12.4 தரத்துக்கு அது தேவையில்லை, கேட்டால் மங்கலான பால்வீதிகளைப் பார்ப்பவர்களின் வரிசையில் போய் நிற்பீர்கள்.

மற்றத் தெரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். காசு கட்டி நிமிடக் கணக்கில் எடுக்கும் ஐடெலஸ்கோப் போன்றவற்றில் தெரிவுக் குழு இல்லை, காரணமும் எழுத வேண்டாம். ஆனால் கட்டணம் டொலரில். எங்கள் பெற்றோரிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் எழுதப் பழகுவதுதான் இந்த வேலையின் பாதிப் பயன், அதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வானொலிப் பக்கம் போகும் பல்கலைக்கழக மாணவருக்கு, பூனேக்கு வடக்கே 45 மீற்றர் விட்டமுள்ள 30 தட்டுகளோடு ஜி.எம்.ஆர்.டி. என்ற வானொலித் தொலைகாட்டி இருக்கிறது. பகலும் முகிலும் அதற்குப் பெரிய தடையில்லை. ஜனவரியிலும் ஜூலையிலும் விண்ணப்பம் எடுப்பார்கள், வெளிநாட்டவரும் போடலாம். துடிவிண்மீன் (பல்சர்) பிடிக்கும் என்றால் அங்கே போங்கள். புறக்கோள் கடப்புக்கு அது உதவாது.

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது ஹாவர்ட்-ஸ்மித்சோனியன் வானியல் மையத்தின் மைக்ரோஅப்சர்வேட்டரியை. ஆறு அங்குலத் தொலைகாட்டிகள். பட்டியலில் உள்ள ஓர் இலக்கைத் தெரிந்து, எத்தனை விநாடி, எந்த வடிகட்டி என்று குறித்து, மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் படம் வந்துவிடும். காசும் இல்லை, நடுவரும் இல்லை. பெரிய படிவத்தின் எலும்புக்கூடு அந்தச் சிறிய படிவத்தில் இருக்கிறது. 60 விநாடி கேட்டால் நிலவு வெள்ளைத் தட்டாக எரிந்துபோய் வருவதை ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு வெளிப்பாட்டு நேரம் என்றால் என்ன என்று பிறகு விளக்க வேண்டியதில்லை.

விண்ணப்பமே வேண்டாம் என்றால் களஞ்சியத் தரவு இருக்கிறது. 2018இல் ஏவிய டெஸ் விண்கலம் வாஸ்ப்-43ஐ 2019இலேயே பார்த்துவிட்டது, தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மாரியில் வாசல் தாண்ட முடியாத நாட்களில் நாங்கள் அதைத்தான் அளந்து பழகினோம். பழகுவதோடு இன்னொரு பயனும் உண்டு. "ஏற்கெனவே இருக்கும் தரவு ஏன் போதாது?" என்று நடுவர் கேட்பார். டெஸ் வரைபை நாமே வரைந்து, அதன் மீது நாம் கேட்கும் புதிய கடப்பின் நேரத்தைக் குறித்துக் காட்டினால் பதில் கைவசம் இருக்கும்: கடப்பு கணித்த நேரத்தில்தான் இன்றும் நடக்கிறதா என்பதைப் புதிதாகப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

எழுதும் மொழி பற்றியும் ஒன்று. படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் அறிவியல் நியாயத்தைப் பிள்ளைகள் முதலில் தமிழில் எழுதட்டும். ஆங்கிலத்தில் தொடங்கினால் எங்கேயோ வாசித்த வாக்கியங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. தமிழில் அப்படி ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை, விளங்கினதைத்தான் எழுத முடியும். எங்கள் முதல் வரைவில் "புறக்கோள் ஆய்வு மனிதகுலத்துக்கு முக்கியம்" என்று இருந்தது. நான்காவது வரைவில் "இந்தக் கோளின் அடுத்த கடப்பு எப்போது என்று நிமிடக் கணக்கில் சொல்ல முடிந்தால், பெரிய தொலைகாட்டிகள் அதைப் பார்க்கும்போது நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை" என்று வந்தது. அதை ஆங்கிலமாக்க அரை மணி எடுத்தது.

இந்த மாரிக்குள் கல்வித் திட்டப் பகுதியை நான் எழுதி முடிப்பேன். இலக்கு அட்டவணையும் நேரக் கணக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கையில். "ஏன் இந்தத் தொலைகாட்டி?" என்ற கட்டத்தை உயர்தரப் பிள்ளைகளிடம் விட்டேன், பெரிய தொலைகாட்டி கேட்டவன்தான் எழுதினான்: "எங்கள் விண்மீனுக்கு 0.4 மீற்றர் ஆடி போதும். கடப்பு 19.5 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வருவதால் ஓரிடத்தில் உள்ள தொலைகாட்டி அதிகமானவற்றைத் தவறவிடும். உங்களுடையவை ஆறு இடங்களில் இருக்கின்றன." மூன்று வரி. நான் ஓர் எழுத்தும் திருத்தவில்லை.